இருபது லிட்டர்

போன தடவை நனைந்த ஸ்லீப்பிங் பேக்
மொட்டைமாடிக் கொடியில்
உரித்த ஆடு மாதிரி இன்னும் தொங்குகிறது.
அடுத்த ஞாயிறு நாகலாபுரம்.
ஏழு பேர், இரண்டு டென்ட்.
ஓடையை ஆறு இடத்தில் தாண்ட வேண்டும்.
எனவே மண்ணடி.

சதக் பாய் கடை முழுக்கத் தார்ப்பாய் வாசனை.
வெளியே லிங்கிச் செட்டித் தெருவில்
மீன்பாடி வண்டிக்கும் குட்டியானைக்கும் பஞ்சாயத்து.
"கடலுக்கா, மலைக்கா?" என்றார்.
மலைக்கு.
"எத்தனை லிட்டர்?"

அப்போதுதான் உறைத்தது:
எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று சொல்லித்தான்
தண்ணீர் புகாத பையை விற்கிறார்கள்.
எங்கள் கொருக்குப்பேட்டையில் லிட்டர் கிடையாது,
லாரி, குடம், சண்டை.
இருபது லிட்டர் என்றேன்,
மனசுக்குள்
ஒண்ணே கால் குடம்.

கறுப்புப் பை பார்க்க அழகு. விலையும் குறைவு.
பாய் அதன் ஓரத்தை நகத்தால் நிமிண்டினார்.
"தையல் போட்டிருக்கான்.
ஊசி போன எடமெல்லாம் வாசல்."
ஆரஞ்சுப் பை சூட்டில் ஒட்டியது.
வாயை விரித்துக் காற்றை வாரி,
ஒன்று இரண்டு மூன்று மடிப்பு, கிளிப்,
பிறகு அதன்மேல் ஏறி உட்கார்ந்தே விட்டார்
எண்பது கிலோ பாய்.
நான் குனிந்து காதை வைத்தேன்.
கறுப்பு, சீறியது.
ஆரஞ்சு, ஒன்றும் சொல்லவில்லை.

ஆயிரத்து நூறு.
ஜெர்லினுக்கு போன் போட்டேன்.
"லூசு, குப்பைக் கவர் ரெண்டு போடு, போதும்.
எங்க எபினேசர் சித்தப்பா
பெயின்ட் டப்பாவுலதான் போனைப் போட்டுக்கினு
கடலுக்குப் போறாரு."
அவளுக்கு எப்படிச் சொல்வது,
தரைக்கு அடியில் எட்டு மணி நேரம்
மெட்ரோ டிக்கெட் கிழிக்கிறவளுக்கு
வருஷத்தில் நாலு நாள்தான் மழை.
ஆயிரத்து ஐம்பதுக்கு முடித்தேன்.

ராத்திரி, டிரம்மில் சோதனை.
உள்ளே அன்றைய பேப்பர்.
பை முங்க மாட்டேன் என்றது.
அம்மிக்குழவியைக் கட்டி முக்கினேன்.
"குடிக்கிற தண்ணியில இன்னாடி ஊற வெக்கிற?"
அம்மா தூக்கத்திலும் டிரம்மின் சத்தம் அறிவாள்.
விடிந்து எடுத்தால்
பேப்பர் அப்பளம் மாதிரி மொடமொடவென்று.
விருச்சிகம்: பயணங்களில் நிதானம் தேவை.

மலையில் நடந்ததைச் சொல்ல அதிகமில்லை.
நாலாவது தாண்டலில் திலீபன் சறுக்கினான்,
அவன் அரிசி, அவன் தீப்பெட்டி, அவன் மானம் எல்லாம் ஓடையோடு.
அன்றிரவு காய்ந்த போர்வை ஒன்றே ஒன்று.
ஏழு பேரின் கால்கள் அதற்குள்
வாய்தா வாங்கி வாங்கி வந்து போயின.

பிழை அதற்கப்புறம்தான்.
திரும்புகிற அவசரத்தில்
ஈரத் துண்டு, ஈர சாக்ஸ் உள்ளே திணித்து,
மூன்று மடிப்பு, கிளிப்,
கட்டிலுக்கு அடியில் உதைத்துவிட்டு
காலை ஷிஃப்டுக்கு ஓடினேன்.
பதினோரு நாள்.
திறந்தபோது அடித்த நாற்றத்தில்
பக்கத்து வீட்டுப் பூனை எழுந்து போனது.
துண்டில் கறுப்புப் புள்ளிகள்,
ஈரம் போட்டபடியே இருந்தது.
ஒரு சொட்டைக்கூட வெளியே விடவில்லை.
பையைத் திட்ட வாயெடுத்தேன்.
என்ன சொல்லித் திட்டுவது?

சோப்புத்தூள் போட்டு அலசி,
உள்ளை வெளியாகத் திருப்பி,
வாயை மேலாக்கிக் கொடியில் நாலு கிளிப் மாட்டினேன்.
மணலிப் பக்கம் சிம்னித் தீ
மேகத்தின் அடிவயிற்றைச் சிவப்பாக்கியது.
நள்ளிரவில் மழை.
துணியெல்லாம் ஓடி எடுத்தேன்.
பை ஞாபகத்திலேயே இல்லை.

காலையில் அது கனத்துத் தொங்கியது.
அடியில் ஒரு சொம்புத் தண்ணீர்.
கீழே தரை காய்ந்திருந்தது.
அம்மா விரலால் சுண்டிப் பார்த்தாள்,
தண்ணீரை மிளகாய்ச் செடிக்கு ஊற்றினாள்,
பையைக் கவிழ்த்து ஓரங்களைத் தடவினாள்,
பாய் தடவிய அதே இடத்தில்.

"நல்லாத்தான் ஒட்டியிருக்கான்" என்றாள்.
"லாரி வர்ற அன்னிக்கு
இது எத்தினி கொடம் புடிக்கும்?"